இல்லத்திற்கு ஏற்ற பெருக்கி

புதுச்சேரி நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடலையொட்டி, உயர்ந்த கூரையும் தடித்த சுவர்களும் கொண்ட பிரெஞ்சுக்காலக் கட்டடங்கள். மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் அமைந்த தமிழர் வீடுகள். ஒரே நாகசுவரப் பதிவை இவ்விரு வகை வீடுகளிலும் ஒலிக்கச் செய்தால் அது இருவேறு விதமாகக் கேட்கும். ஆதலின், குறைந்த செலவில் பெருக்கி வாங்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது தம் வீட்டையே.

கைப்பேசியிலிருந்தோ குறுந்தகட்டிலிருந்தோ வரும் மெல்லிய மின்குறிப்பை, ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் அளவிற்கு வலுப்படுத்துவதே பெருக்கியின் பணி. வெற்றிடக் குழாய்கள் ஆற்றிய இப்பணியை, 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் பின்னர் ஏற்றுக்கொண்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் 'டி' வகைப் பெருக்கிகள் மின்னாற்றலை வெப்பமாக வீணாக்குவது மிகக் குறைவு. உள்ளங்கை அளவே இருந்தாலும் அவற்றை எளியவை என ஒதுக்க வேண்டியதில்லை.

வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது வாட் எண்ணிக்கையில்தான். 100 வாட் பெருக்கி, 50 வாட் பெருக்கியைப்போல் இருமடங்கு உரக்க ஒலிக்கும் எனப் பலர் கருதுவர். உண்மையில் வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். ஒரு வாட் திறனில், ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 16 வாட்டில் 100 டெசிபல் தரும். சிறிய கூடத்திற்கு அதுவே மிகுதி. எஞ்சும் திறன் தவிலின் திடீர் முழக்கம் சிதையாமல் ஒலிக்கவே உதவும்.

பெட்டியின்மீது '50 + 50 வாட்' என அச்சிட்டிருக்கலாம். உடன் தரப்படும் மின்வழங்கியைப் புரட்டிப் பார்த்தால் 12 வோல்ட், 3 ஆம்பியர் எனக் காணப்படும். இரண்டையும் பெருக்கினால் 36 வாட். உட்செல்வதே 36 வாட் எனில், 100 வாட் தொடர்ந்து வெளிவருவது எங்ஙனம்? ஆற்றல் அழிவின்மை விதியைப் பயின்ற மாணவர் கடையிலேயே செய்துவிடத்தக்க கணக்கு இது. அச்சிட்ட திறன் 4 ஓம் மின் எதிர்ப்பிற்கா, 8 ஓமிற்கா, எத்தனை விழுக்காட்டு ஒலித்திரிபில் அளக்கப்பட்டது என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். 'பி.எம்.பி.ஓ.' எனப் பொறித்த ஆயிரக்கணக்கான வாட்டுகளைப் பொருட்படுத்தவே வேண்டா.

இனி, வீட்டிற்கு வருவோம். உயர்ந்த கூரையுள்ள வெறுங்கூடத்தில் ஒலி சுவர்களில் பட்டு மீண்டும் மீண்டும் எதிரொலித்து, பாடலின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்குத் திறனைக் கூட்டினால் குழப்பமே கூடும். தடித்த திரைச்சீலையும் சமுக்காளமும் விலையுயர்ந்த பெருக்கியைவிட மிகுந்த பயன் தரும். முற்றமுள்ள வீட்டிலோ ஒலியின் ஒரு பகுதி வானோக்கிச் சென்றுவிடுவதால் சற்றே கூடுதல் திறன் தேவைப்படும். அவ்வொலி அண்டை வீட்டையும் எட்டும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்துள்ளன.

கடற்கரை நகருக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். வெறும் கம்பியைச் செருகும் விசைப்பிடிகளைவிட, இறுகத் திருகும் முனைகளைக் கொண்ட பெருக்கியே இங்கு நெடுநாள் உழைக்கும்.