சேலை பார்டரில் ஃபோகஸ்: கோடிங்கிலும் ‘லென்ஸ்’ இருக்கு தெரியுமா?

திண்டுக்கல் நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கிருந்து ஒருவர் ஆன்லைனில் சேலை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.8-இல் கிட்டப் போய் போட்டோ எடுத்தால் பார்டர் பளிச்சென்று தெரியும், பின்னால் இருக்கும் தறி மங்கிவிடும். ஆனால் எந்த கேமரா லென்ஸும் பார்டரின் நிறத்தை மாற்றித் தராது.

ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் வரும் லென்ஸ் அதையும் செய்யும். சேலை, அதற்குள் பார்டர், அதற்குள் நிறம் என்று அடுக்கடுக்கான டேட்டாவில் ஒரே இடத்தைக் குறிவைக்கும். அங்கே இருப்பதைப் படிக்கும், புது மதிப்பையும் வைக்கும். ‘மெரூன்’ என்பதை ‘பச்சை’ ஆக்கினால், நிறம் மட்டும் மாறிய புது ரெக்கார்டு கிடைக்கும். பழையது அப்படியே இருக்கும்.

எதுக்கு இந்தச் சுற்று? நேற்று மெரூன் கேட்டவரின் ஆர்டர் அந்தப் பழைய ரெக்கார்டைத்தான் காட்டுகிறது. அதன் மேலேயே எழுதிவிட்டால் அவருக்குப் பச்சை பார்டர் பார்சலாகிவிடும். திட்டு வாங்குவது கோடு எழுதியவர் இல்லை, நெசவாளர்.

அதனால்தான் லென்ஸுக்கு விதிகள் உண்டு. வைத்ததை எடுத்தால் வைத்ததே வரணும். எடுத்ததை அப்படியே திருப்பி வைத்தால் எதுவும் மாறக்கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் பியர்ஸ் உள்ளிட்டோர் 2005 ஆய்வுக் கட்டுரையில் இவற்றை வகுத்தார்கள். 2012-இல் எட்வர்ட் கிமெட் வெளியிட்ட லைப்ரரியால் ஹாஸ்கெல் மொழியில் லென்ஸ் பிரபலமானது. அதில் சேலை-பார்டர் லென்ஸுக்கும் பார்டர்-நிறம் லென்ஸுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தால் போதும், இரண்டும் சேர்ந்து ஒரே லென்ஸாகிவிடும்.

ஒரே அடுக்கு டேட்டான்னா இவ்வளவு தேவையில்லை, நேரடியாகவே எழுதிடலாம்.