சூட்டு வலி என்று காத்திருக்க வேண்டாம்

புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீடு. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வேலை முடிந்து வந்த மருமகளுக்கு இரவு 10 மணிக்கு இடுப்பு வலிக்கிறது. வயிறு இறுகி இறுகித் தளர்கிறது. “சூட்டு வலிதாம்மா. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு, காலையில பார்க்கலாம்,” என்கிறார் மாமியார்.

பல நேரங்களில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். தவறிப்போனால், காத்திருந்த அந்த ஓர் இரவுக்கு விலை அதிகம்.

37 வாரங்கள் நிறைவடைவதற்குள் பிள்ளை பிறப்பதே குறைப்பிரசவம். 2020ல் உலகில் 13.4 மில்லியன் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதாவது, பத்தில் ஒன்று.

எது சூட்டு வலி, எது பிரசவ வலி?

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். சற்று ஓய்வெடுத்தால் அடங்கும். பிரசவ வலி சீரான இடைவெளியில் வரும். நேரம் ஆக ஆக நெருங்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகுவது, விடாத இடுப்பு வலி, மாதவிடாய் வலி போன்ற வலி, அடிவயிற்றில் அழுத்தம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். நீர்க்கசிவோ ரத்தப்போக்கோ இருந்தால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது.

மருத்துவமனை என்ன செய்யும்?

நேரத்தோடு போனால் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்குப் போட முடியும். நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹோவி 1972ல் நிரூபித்த சிகிச்சை இது. ஊசி முழுப் பலன் தர ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதற்காகவே வலியைச் சுமார் 48 மணி நேரம் தள்ளிப்போட மருந்து தருகிறார்கள்.

தடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. முன்பு குறைப்பிரசவம் நடந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் மருந்து தருவார்கள் அல்லது தையல் போடுவார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு உடனே சிகிச்சை பெறுவது, புகையைத் தவிர்ப்பது, பிரசவங்களுக்கு இடையே போதிய இடைவெளி விடுவது ஆகியவையும் உதவும். நாள் முழுவதும் படுத்தே இருப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை.

ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2020 ஜூனில், தாய்க்கு ஏற்பட்ட கடும் ரத்த அழுத்தப் பாதிப்பால் 25 வாரம்கூட நிறையாத குழந்தையை அறுவை சிகிச்சைமூலம் வெளியே எடுத்தார்கள். எடை 212 கிராம். குழந்தை பிழைத்தது, வீடு திரும்ப 13 மாதங்கள் ஆயின.

‘ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது’ என்பார்கள் பெரியவர்கள். பண்டைய கிரேக்க மருத்துவர்களும் இதை நம்பினார்கள். உண்மையில், கருவறையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான்.

சந்தேகம் வந்தால் பதிவு செய்துள்ள மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். புக்கிட் மேரா குடும்பங்களுக்கு ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. அவசரம் என்றால் 995. சூட்டு வலிதான் என்று தெரிந்து வீடு திரும்பினால் நிம்மதியாகத் தூங்கலாம். சீரகத் தண்ணீரை அப்போது குடித்துக்கொள்ளலாம்.