சிறைப்பட்டார்க்கும் உற்றார்க்கும் இடையே

பிரிவு பலவகைப்படும். பொருள் தேடிக் கடல் கடப்பாரும், கல்வியின் பொருட்டு விடுதியில் உறைவாரும், மணமுடித்துப் பிறந்தகம் நீங்குவாரும் பிரிவையே உறுகின்றனர். ஆயினும் அப்பிரிவுகளை உலகம் பழிப்பதில்லை. சென்றவரைக் குறித்து நாலுபேர் நலம் வினவுகின்றனர். வீட்டிலிருப்போரும் தலைநிமிர்ந்து விடை கூறுகின்றனர். சிறைப்பட்டாரது பிரிவிலோ துயரத்தோடு நாணமும் வந்து கூடுகின்றது. வினவுவார் குறைகின்றனர், வினவினும் வீட்டார் பேச்சை மாற்றிவிடுகின்றனர். நாளடைவில் சிறையிலிருப்பவர் பெயரே வீட்டில் வழங்காதொழிகின்றது. ஆதலின், சிறைப்பட்ட ஒருவரோடு உற்றார் தொடர்பு அறாது நிற்றற்குரிய வழிகள் யாவை, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைச் சிறிது ஆராய்தல் நம் கல்லூரி நண்பர்க்குப் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. கோவை நகரின் நடுவே 1872-ஆம் ஆண்டில் அமைந்த மத்திய சிறைச்சாலையின் மதிலை நம்மிற் பெரும்பாலோர் பலமுறை கடந்து சென்றிருப்போம். அம்மதிலுக்குள் 1908-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொண்டுவரப்பட்டவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். சுதேசிக் கப்பல் நடத்திய அப்பெரியார் அங்கே செக்கிழுத்த செய்தியைச் சிறுவரும் அறிவர். அவரோடு வெளியுலகம் எவ்வாறு தொடர்பு கொண்டிருந்தது என்பது அத்துணை நன்கு அறியப்பட்டதன்று.

அவருக்கு முதலில் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. அஃதாவது நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைந்தது. எனினும் அத்தீர்ப்பின் செய்தி கேட்ட அளவிலேயே அவர்தம் இளவல் மீனாட்சிசுந்தரம் சித்தங் கலங்கிப் போனார். மனைவியார் மீனாட்சி அம்மையாரோ சிறு மக்களோடு தென்கோடியில் இருந்தார். தூத்துக்குடிக்கும் கோவைக்கும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவு. தண்டனை ஒருவர்க்கு விதிக்கப்படினும் அதனை நுகர்வது ஒரு குடும்பம் முழுவதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அக்காலத்தில் இருவர் செய்த பணி நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் பரலி சு. நெல்லையப்பர். நெல்லைச் சீமையைச் சேர்ந்த அவ்விளைஞர், பிள்ளையவர்கள் சிறைப்பட்ட ஊராகிய கோவைக்கே வந்து தங்கி, அவர்க்கு வேண்டுவன செய்து வந்தார். மற்றையவர் கோவை வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார், பின்னாளில் பெரியபுராணத்திற்கு விரிந்த உரை கண்ட பெருமகனார். அவரும் சிறை சென்று பிள்ளையவர்களைக் கண்டு துணைபுரிந்தவர். உடன்பிறந்தார் அல்லாத இவ்விருவரும் உடன்பிறந்தார் கடமையை மேற்கொண்டனர். கடல் கடந்த தமிழரும் மறந்தாரல்லர். தென்னாப்பிரிக்கத் தமிழர் பிள்ளையவர்கள் பொருட்டுத் திரட்டிய பணம் காந்தியடிகள் வாயிலாக 347 ரூபாய் 12 அணாவாக அவர் கை சேர்ந்தது 1916-ஆம் ஆண்டிலேயாயினும், தம்மை நினைத்தவர் பலர் உளர் என்ற உணர்வு அவருக்குப் பெருந்துணை ஆயிற்று என்பதில் ஐயமில்லை.

பிள்ளையவர்களும் தம் பக்கத்திலிருந்து அவ்விழையைப் பற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய ‘பாடற்றிரட்டு’ என்னும் நூலின் ஒரு பகுதி சிறைவாசக் காலத்துச் செய்யுட்களால் ஆயது. உற்றார்க்கும் நண்பர்க்கும் அவர் பாட்டாகவே கடிதம் எழுதினார். ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கியதும் அக்காலத்தில்தான். 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்றார். பின்னர் அவர் எழுதிய சுயசரிதையும், நெல்லையப்பர் வேண்ட, அவர்க்கு விடையாக எழுந்ததே. சிறைவாயிலிலும் அறாது நின்ற தொடர்பு நூலாக முதிர்ந்தது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் உண்மை ஒன்று உளது. சிறையிலிருப்பவர் உறவின் நூலைப் பிடித்திருக்க வல்லவரேயன்றி இழுக்க வல்லவரல்லர். அவர் நினைத்தபோது எழுதவும் இயலாது. விரும்பியபோது வரவும் இயலாது. நடந்து செல்லும் கால்கள் வெளியிலிருப்போர்க்கே உள்ளன. ஆதலால் தொடர்பைக் காக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவர்களையே சார்ந்தது.

“தேசத்திற்காகச் சிறை சென்ற பெரியார் கதை வேறு; குற்றம் புரிந்து சென்றவர் கதை வேறு அன்றோ?” எனச் சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு இருவகையான விடை உண்டு. முதலாவது, சிறையிலுள்ளார் அனைவரும் குற்றவாளியென முடிவு செய்யப்பட்டவரல்லர். 2022-ஆம் ஆண்டிறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே என அரசின் கணக்கு காட்டுகின்றது; அஃதாவது நால்வரில் மூவர் தீர்ப்பை எதிர்நோக்கி இருந்தவர். இரண்டாவது, குற்றம் உறுதிப்பட்டவரும் ஒருநாள் நம்மிடையே திரும்பி வரவேண்டியவரே. அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறையில் உற்றார் வந்து காணப்பெற்றவர் மீண்டும் பெருங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்படுதல், காணப்பெறாதவரை நோக்க 13 விழுக்காடு குறைவு என்பது அதன் முடிபு. ஆகவே சிறை சென்று ஒருவரைக் காண்பது அவர் செய்த செயலுக்கு உடன்படுவதாகாது. அவர் திரும்பி வருதற்குரிய வழியைப் புல் மூடாமற் காப்பதே அது.

நீதிமன்றங்களும் இதனை உணர்ந்துள்ளன. தில்லியின் திகார்ச் சிறையிலிருந்த சுனில் பத்ரா என்னும் கைதி, உடனிருந்த வேறொரு கைதி துன்புறுத்தப்பட்டதைக் குறித்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்க்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பெற்றது. அவ்வழக்கில் 1979-ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், உற்றாரும் நண்பரும் வந்து காண்பது தனிமையில் உழல்வார்க்கு ஆறுதல் என வற்புறுத்தினார். 1981-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கோரலி முல்லின் என்பாரது வழக்கிலோ, குடும்பத்தாரையும் நண்பரையும் கண்டு பேசுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2015-ஆம் ஆண்டில் ஏற்ற சிறை நெறிகளும் கடிதத்தையும் நேர்காணலையும் கைதியின் உரிமைகளாக வகுத்து, இயன்றவரை வீட்டிற்கு அணித்தான சிறையில் அவரை வைத்தல் வேண்டும் என்கின்றன. அந்நெறிகள் நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்குகின்றன. அப்பெயர் மிகவும் பொருத்தமானதே. ராபன் தீவில் அவர் அடைக்கப்பட்ட தொடக்கத்தில் ஆறு திங்களுக்கு ஒரு கடிதமும் ஒரு நேர்காணலுமே அவர்க்கு இசைவளிக்கப்பட்டன. அக்கடிதமும் 500 சொற்களைக் கடத்தலாகாது.

இனி, நம் நாட்டில் இந்நாளில் உள்ள வழிகளைக் கூறுவோம். நேரிற் சென்று காண்பதை நம் மக்கள் ‘மனுப் பார்த்தல்’ என வழங்குவர். காணவிரும்புவோர் தம் பெயரும் உறவும் எழுதி மனுக் கொடுத்தலின் அப்பெயர் வந்தது. விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் நேர்காணலின் முறைகள் வேறுபடும். ஆகையால் பொள்ளாச்சியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ விடியற்காலைப் பேருந்தேறி வருவோர், உரிய நாளையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து, அடையாள அட்டையைத் தவறாது கொண்டுவருதல் வேண்டும். ஒரு சிறு தாளின் குறையால் வாயிலிலிருந்து திரும்ப நேரின், வந்தவர்க்கு ஒருநாட் கூலி இழப்பு; உள்ளே காத்திருந்தவர்க்கோ அவ்விழப்பு அளவிடற்கரியது.

வர இயலாதார்க்குத் தொலைபேசியும், முகங்கண்டு பேசும் காணொளியும் இந்நாளில் உள. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் நேர்காணல்கள் நிறுத்தப்பட்டபோது தமிழ்நாட்டுச் சிறைகளில் காணொளிப் பேச்சே உற்றாரை இணைத்தது. ‘இ-முலாகாத்’ என்னும் இணையவழி முறையால் நாட்டின் பல சிறைகளில் நேர்காணலுக்கு முன்பதிவு செய்யவும் இயலும். ‘முலாகாத்’ என்பது சந்திப்பு எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்.

இவ்வசதிகள் அனைத்தும் வந்த பின்னும் கடிதத்தின் பெருமை குன்றவில்லை. பேச்சு கேட்ட அளவில் ஒழிந்துபோம். கடிதமோ தலையணையின் கீழ் வைத்து நூறுமுறை படித்தற்குரியது. பண்டித ஜவஹர்லால் நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள் உலக வரலாறாகவே தொகுக்கப்பட்டன. நம்மவர் அத்துணை பெரிதாக எழுத வேண்டுவதில்லை. கிணற்றில் நீர் ஏறிற்றா, எருமை கன்று ஈன்றதா, மஞ்சள் என்ன விலை போயிற்று, சின்னவன் கணக்கில் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பன போன்ற சிறு செய்திகளே சிறையிலிருப்பவர்க்கு விருந்து. தாம் இல்லாத வீட்டில் தமக்கு இன்னும் ஓர் இடம் உண்டு என்பதை அவை உணர்த்துகின்றன. கடிதங்களை அதிகாரிகள் படித்துப் பார்த்தே உள்ளே விடுப்பர் என்பதையும் எழுதுவோர் நினைவிற் கொள்க.

இத்தொடர்பில் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று எனக் கூறலாம். முதலாவது ஒழுங்கு. ஒரு திங்கள் நான்கு கடிதம் எழுதி அடுத்த நான்கு திங்கள் வாளாவிருப்பதினும், திங்களுக்கு ஒன்றாகத் தவறாது எழுதுவது மேல். சிறையில் நாட்களை எண்ணுதற்கு அடையாளங்கள் சில. வரவேண்டிய கடிதம் அவற்றுள் ஒன்று.

இரண்டாவது உண்மை. மனம் நோகுமே என்றஞ்சித் தந்தையின் நோயையும் தாயின் மறைவையும் மறைப்பார் பலர். அது நன்றன்று. பின்னொருநாள் அயலார் வாயிலாக அறிய நேரின், பிற செய்திகளையும் அவர் நம்பாதொழிவர். அன்றியும், நெருங்கிய உறவினரின் இறப்பு, கடுநோய் முதலியவற்றின் பொருட்டு அவசர விடுப்பு வேண்டுதற்குத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இடந்தருகின்றன. செய்தியை மறைத்தால் அவ்வுரிமையையும் மறைத்தவராவோம்.

மூன்றாவது பிள்ளைகளை விலக்காமை. “அப்பா வெளியூர் போயிருக்கிறார்” என்னும் சொல் சின்னாட்களே நிற்கும். பள்ளித் திண்ணையில் மற்றொரு சிறுவன் வாயிலாக உண்மை வெளிப்படும்போது குழந்தை இருமடங்கு வருந்தும். வயதிற்கேற்ற அளவில் வீட்டாரே சொல்லிவிடுதல் நலம். தாய் சிறைப்பட்டிருப்பின் ஆறு வயது வரை குழந்தை தாயோடிருக்கலாம் என 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. ஆறு வயதிற்குப் பின் குழந்தையை ஏற்கும் பாட்டியோ சித்தியோ அதனைத் தாயிடம் அழைத்துச் சென்று காட்டாவிடின், அவ்வுறவு இருபுறத்தும் வாடிப்போம்.

பொருளில்லார்க்கு ஒரு செய்தி. காவலிலுள்ள எவரும், வருவாய் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர். மாவட்ட நீதிமன்றத்தை அடுத்துள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உற்றாரே விண்ணப்பிக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று நாணிச் சிறைப்பக்கம் எட்டிப் பாராதிருப்போர்க்கு இதனை எடுத்துரைப்பது பேருதவியாகும்.

மாணவ நண்பர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் தெருவில் எழுத்தறியாத அன்னை ஒருத்தி இருப்பாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பதற்கு அரைமணி நேரம் போதும். அவளுடைய சொற்களைத் திருத்தி இலக்கணப்படுத்த வேண்டா, “கண்ணு, சோறு தின்னியா?” என்று அவள் கேட்டால் அவ்வாறே எழுதுங்கள். இணையத்தில் பதிவு செய்ய அறியாதவர்க்குப் பதிந்து கொடுங்கள். உங்கள் வகுப்பிலேயே தந்தையோ தமையனோ சிறையிலுள்ள ஒருவர், அதனை எவரிடமும் கூறாது, உங்களருகில் அமர்ந்திருத்தலும் கூடும். ஆராய்ந்து அறிய முற்படாதீர்; அறிய நேரின் ஏளனம் செய்யாதீர். கல்யாணத்திற்கும் காதுகுத்திற்கும் அழைக்கும் வீடுகளின் பட்டியலிலிருந்து அக்குடும்பத்தை உங்கள் பெரியோர் விலக்குவாராயின், அடக்கத்தோடு ஒரு சொல் எடுத்துரையுங்கள்.

மதிலை எழுப்பியது அரசு. அதன் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரமில்லை. ஆயின் அம்மதிலுக்கு வெளியே ஊரார் எழுப்பும் மற்றொரு மதில் உண்டு. அதனை எழுப்பாதிருத்தல் முற்றும் நம் கையிலேயே உள்ளது. நெல்லையப்பர் நம் கோவைக்கு வந்து தங்கியது நூறாண்டுக்கு முற்பட்ட செய்தியாயினும், அவர் செய்த பணி முடிந்துவிடவில்லை. அதனை இயன்ற அளவில் நாமும் தொடர்வோமாக.