உஷ்ணம் தாங்காத தூது

2020 மார்ச் தொடங்கி ஏறக்குறைய 2 வருஷ காலம் பௌர்ணமிதோறும் கிரிவலம் தடை செய்யப்பட்டு, 14 கிலோமீட்டர்ப் பாதை வெறிச்சோடிக் கிடந்ததைத் திருவண்ணாமலை வாசிகள் லேசில் மறக்கமாட்டார்கள். அந்தத் தடை தொடங்கிய அதே மார்ச் மாதம் 16-ந் தேதி, அமெரிக்காவின் சியாட்டில் நகரில், மாடர்னா கம்பெனியின் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி பரிசோதனைக்காக முதல் மனிதருக்குப் போடப்பட்டது. கொரோனாக் கிருமியின் மரபு எழுத்துவரிசை வெளியாகி அப்போது இரண்டு மாதமே ஆகியிருந்தது.

இவ்வளவு துரிதமாக வந்த மருந்து நம் பிறவிக் கூற்றையே மாற்றிவிடுமோ என்று அந்நாளில் படித்தவர்களும் அஞ்சினார்கள். அண்ணாமலையார் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டைச் சாசன ஆராய்ச்சியாளர் ஈரத்தாள் ஒட்டி, மை ஒற்றிப் படியெடுக்கிறார். அந்தத் தாள் கிழிந்தாலும் கரைந்தாலும் கல்லில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.யைக் கல்வெட்டு என்று கொண்டால், அதிலிருந்து எடுத்து வெளியே அனுப்பப்படும் மைப்படிதான் தூது ஆர்.என்.ஏ. என்பது. தடுப்பூசி தருவது அத்தகைய ஒரு படியைத்தான். கிருமியின் மேற்பரப்பிலுள்ள கூர்முனைப் புரதம் ஒன்றை மட்டும் செய்யும் விதி அதில் எழுதப்பட்டிருக்கிறது. உட்கருவுக்குள் நுழையாமலே அது வெளியிலுள்ள ரைபோசோம்களால் வாசிக்கப்படுகிறது, புரதம் உண்டாகிறது, அதை அந்நியமென்று கண்டுகொண்ட சரீரம் எதிர்ப்பொருள்களைச் சிருஷ்டித்துக்கொள்கிறது, படியோ சில தினங்களில் சிதைந்து போகிறது. முழுக் கிருமி எங்கும் இல்லாதபடியால் இந்த ஊசியினால் நோய் வர வழியில்லை. இளைஞர் சிலருக்கு அபூர்வமாக இருதயத் தசையில் அழற்சி கண்டது மெய். அதை மறைப்பது நியாயமன்று.

துரிதம் என்றேனே, அது முடிவில் வந்த துரிதம். தூது ஆர்.என்.ஏ. கண்டறியப்பட்டது 1961-ல்; அதை எலியின் தசையில் செலுத்திப் புரதம் உண்டாவதைக் கண்டது 1990-ல். செயற்கையாகச் செய்த ஆர்.என்.ஏ.யைப் பகையென்று கருதிச் சரீரம் கொதித்தெழுந்ததே பெருந்தடையாக இருந்தது. மானியம் கிடைக்காமலும் பதவியில் தாழ்த்தப்பட்டும் விடாது உழைத்த கேட்டலின் கரிக்கோ என்ற ஹங்கேரிய மாதும் ட்ரூ வைஸ்மன் என்பவரும், யூரிடின் என்னும் எழுத்தைச் சற்றே திருத்தினால் அந்தக் கொதிப்பு அடங்கும் என்று 2005-ல் நிரூபித்தபோது, உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நோபல் பரிசு 2023-ல்தான் வந்தது.

இன்னொரு சங்கடம், ஆர்.என்.ஏ.யின் சுபாவம். மனிதனின் விரல்நுனியிலேயே அதை அரிக்கும் நொதிகள் உண்டு. ஆகவே கொலஸ்டிரால் உள்ளிட்ட நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களால், ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவான உருண்டை செய்து, அதற்குள் தூதைப் பொதிகிறார்கள். அப்படியும் ஃபைசர் ஊசிக்கு ஆரம்பத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி சீதளம் வேண்டியிருந்தது. மாடர்னாவுக்குக் கீழே 20.

நம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துக்கென்று இருக்கும் குளிர்ப்பெட்டி காப்பது 2 முதல் 8 டிகிரி வரைதான். அங்கிருந்து ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியர் ஜவ்வாது மலை ஊர்களுக்கு ஏறுகிறார். வழக்கமான தடுப்பு மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். உஷ்ணம் பட்டு அந்தச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடமாட்டார். கீழே 70 டிகிரி என்பதை இவரிடம் சொல்வது பரிகாசம். 2021-ல் நம் ஊர்களில் பெரும்பாலும் போடப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்ஸினும் வேறு முறையில் ஆனவை. அந்தச் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கத்தக்கவை.

இந்தச் சிக்கலைக் கருத்திற்கொண்டே, மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு, புனேயிலுள்ள ஜென்னோவா நிறுவனம் ஊசிமருந்தைக் குளிரில் உறையவைத்து நீரகற்றிப் பொடியாக்கி, அதே 2 முதல் 8 டிகிரியில் காக்கும்படி செய்தது. ஜெம்கோவாக்-19 என்ற அந்த மருந்துக்கு 2022 ஜூன் மாதம் அவசர அனுமதி கிடைத்தபோது, தேசத்தில் 190 கோடிக்கு மேற்பட்ட தவணைகள் வேறு மருந்துகளால் போட்டு முடிந்திருந்தன. மிகவும் காலங்கடந்து வந்தது என்பதே என் அபிப்பிராயம். ஆனால், கிருமி உருமாறியபோது எழுத்துவரிசையை மட்டும் மாற்றி, ஒமைக்ரானுக்கென்று ஒரு மருந்தை 2023 ஜூனில் அதே நிறுவனம் கொணர்ந்தது. ஊசியே இல்லாத கருவி ஒன்றினால் அது தோலுக்குள் செலுத்தப்படுகிறது.