கோணமலைக் கடலில் ஒரு காலை

கடலைக் கரையில் நின்று பார்ப்பதில் நம்மவர்களுக்கு உள்ள ஆசைக்கு அளவே கிடையாது. மாலை வேளையில் சென்னைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்து, சுண்டல் தின்று, கணுக்கால் நனையும் வரையில் சமுத்திர ராஜனுக்கு மரியாதை செலுத்திவிட்டு, ஆடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் தாய்மார்கள் கூக்குரல் இடுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. சென்னை அலைகளும் அவற்றின் அடியில் இழுக்கும் நீரோட்டமும் விளையாட்டுக்கு உரியவை அல்ல. இருந்தாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கரை உடைய தமிழ்நாட்டில் பிறந்த நாம், கடலை வெளிப்பிராகாரத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பும் கோயிலாகவே வைத்திருக்கிறோம்.

இந்த வழக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்க்கும் உத்தேசத்துடன், 2018-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் இலங்கைக்குப் புறப்பட்டோம். நாங்கள் தம்பதிகள் இருவர், எட்டாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் மகள், எங்கள் பள்ளியில் சரித்திரம் போதிக்கும் சிநேகிதர், அவருடைய மனைவியார். கொழும்பில் இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் திருகோணமலையில் இறங்கினோம்.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நிலாவெளிக்கு மோட்டாரில் சென்று, அங்கிருந்து படகேறிக் கால் மணி நேரத்தில் புறாத்தீவை அடைந்துவிடுகிறார்கள். எங்கள் சரித்திர ஆசிரியர் இந்தச் சுருக்கு வழிக்குச் சம்மதிக்கவில்லை. கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்க்காமல் திரும்புவதாயின் தாம் ஊரிலேயே இருந்திருக்கலாம் என்று அவர் வாதித்தார். ஆகையால் நகரத்துக் குடாவிலிருந்தே ஒரு படகை எங்களுக்கென்று தனியாக அமர்த்தினோம். மலையைச் சுற்றி, கரை ஓரமாகவே வடக்கே சென்று, தீவில் நீந்திவிட்டு, மதியத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இம்மாதிரி படகு அமர்த்துகிறவர்கள் போகும் வழி, காத்திருக்கும் நேரம், தீவின் அநுமதிச் சீட்டு யார் பொறுப்பு என்னும் மூன்றையும் கரையிலேயே பேசி முடித்துவிடுவது நலம். நடுக்கடலில் பேரம் பேசினால் வெற்றி எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படகோட்டி அறுபது வயதை நெருங்கியவர். அதிகம் பேசாதவர். எங்களுக்கு மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?" என்று எங்கள் மகளைக் காட்டிக் கேட்டார். நகராட்சிக் குளத்தில் இரண்டு கோடை பயின்றிருக்கிறாள் என்று சொன்னோம். "ஐயாவுக்கு?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவர், அதாவது இப்பொழுது பேனாவைப் பிடித்துக்கொண்டிருப்பவர், கம்பீரமாகச் சிரித்தார். தாமிரவருணியில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா இது?

காலை ஆறரை மணிக்குப் படகு புறப்பட்டது. இலங்கையின் கிழக்குக் கடல் சித்திரை முதல் புரட்டாசி வரையில் சாதுவாக இருக்கும்; ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் அதுவே வேறு கடல். சாதுவான மாதங்களிலும் காலை நேரமே சிலாக்கியம். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிவிடுகிறது. நாங்கள் சென்ற அன்று தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் அசைவற்றுக் கிடந்தது.

கோணேசர் மலையைக் கோயிலிலிருந்து கீழே பார்ப்பது ஓர் அநுபவம்; கடலிலிருந்து மேலே பார்ப்பது முற்றிலும் வேறு. 300 அடிக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிற பாறை, படகை நெருங்க விடாமல் தன் நிழலாலேயே துரத்துகிறது. இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவு, கரையில் நிற்பவர்களுக்குத் தென்படுவதைவிட இங்கிருந்து பன்மடங்கு பயங்கரமாகத் தெரிகிறது. உச்சியிலிருந்து கோயில் மணியோசை இறங்கி வந்தது. இந்தத் தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. கடலைக் கடக்காமலே இந்தப் பாறையையும் அலையையும் அவர் கண்டிருக்கிறார். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் படகு வேண்டியிருக்கிறது.

பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். 1624-இல் அவர்கள் கட்டிய கோட்டைக்கு அதன் கற்களே உதவின. மிச்சத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. 1956-ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாசக் கருவிகளை மாட்டிக்கொண்டு இந்தப் பாறையின் அடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் கடல் தரையில் கிடப்பதைக் கண்டார்கள். அங்கே வில்சன் கண்டெடுத்த லிங்கம் இன்று மேலே கோயிலில் இருக்கிறது. புதிய கோயிலின் குடமுழுக்கு 1963-இல் நடந்தது. இவ்வளவையும் எங்கள் சரித்திர ஆசிரியர் படகின் நடுவில் எழுந்து நின்று உரைத்தார். அவர் மனைவியார் அவருடைய மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்து உட்கார வைத்தார்.

மலையைச் சுற்றியதும் கரை தாழ்ந்து, வெண்மணலும் தென்னையுமாக நீண்டது. உப்புவெளி கடந்தது, வலை இழுக்கும் மீனவர்களின் குரல் கேட்டது. இந்தக் கடலில் கரைக்கு மிக அருகிலேயே அடித்தளம் பெரும் பள்ளத்தாக்காகச் சரிந்து இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலங்கள் இங்கே கரையை ஒட்டி வருகின்றன என்று படகோட்டி சொன்னார். உடனே எங்கள் சிநேகிதர் அரை மணி நேரத்துக்குள் நான்கு திமிங்கிலங்களைக் கண்டார். நான்கும் அலைகள்.

புறாத்தீவு சிறியது: சுமார் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். பக்கத்தில் அதனினும் சிறிய ஒரு துணைத்தீவு. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் காட்டுப்புறாக்களால் வந்த பெயர் இது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இதையே குறி வைத்துச் சுட்டார்கள் என்று சொல்வார்கள். 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. கரையில் இறங்கினால் காலடியில் மணல் குறைவு. விரல் விரலாக உடைந்த வெள்ளைப் பவளத் துண்டுகளே குவிந்திருக்கின்றன. நடந்தால் நொறுங்கும் ஓசை கேட்கிறது. "எல்லாம் செத்த முருகைக்கல்" என்றார் படகோட்டி. பவளப்பாறையை அந்தப் பக்கத்தில் முருகைக்கல் என்றே சொல்கிறார்கள்.

பிறகு அவர் எங்களை வரிசையாக நிறுத்தி உபதேசம் செய்தார். முகக் கண்ணாடியை மாட்டி, சுவாசக் குழாயை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். மூக்கால் மூச்சு விடக் கூடாது. குப்புறப் படுத்து மிதக்க வேண்டும். மிதவைச் சட்டை ஆளை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. "எது நடந்தாலும் கீழே கால் வைக்காதீங்க ஐயா. களைச்சுப் போனா அப்படியே மல்லாந்து கிடவுங்க. உப்புத் தண்ணி தூக்கும்."

தலையைத் தண்ணீருக்குள் வைத்த அந்தக் கணத்தை எங்களால் மறக்க முடியாது. மேலே வெறும் நீலப் பரப்பாக இருந்தது, கீழே ஒரு பட்டணமாக மாறிவிட்டது. மான்கொம்பைப் போலக் கிளைத்த பவளங்கள். அவற்றின் கிளைகளுக்குள் நுழைவதும் வெளிவருவதுமாக நீலமும் மஞ்சளுமான சிறு மீன்கள். கிளியின் அலகு போன்ற வாயால் பாறையைச் சுரண்டும் பெரிய மீன்கள். அவை சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. சுரண்டித் தின்ற பாறையை அந்த மீன்கள் மணலாகக் கழிக்கின்றன. நாம் கால் நீட்டி உட்காரும் வெண்மணலில் ஒரு பங்கு அவற்றின் வயிற்றின் வழியே வந்ததுதான். சற்றுத் தூரத்தில் ஓர் ஆமை, ஓய்வூதியம் பெறும் உத்தியோகஸ்தரைப் போல எந்த அவசரமும் இன்றிச் சென்றது. துடுப்பு நுனியில் கறுப்புத் தீட்டிய சிறு சுறா ஒன்றும் வந்தது. எங்கள் இதயம் நின்றது. சுறா எங்களைப் பொருட்படுத்தாமல் போய்விட்டது. இந்த ஜாதிச் சுறா சாதாரணமாக மனிதர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்பதை நாங்கள் முன்பே படித்துத்தான் இருந்தோம். படித்தது ஒன்றும் அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் மகள் எங்களை விட்டு வெகு தூரம் போயிருந்தாள். கைகளை விரித்து, முகம் கவிழ்ந்து, கால்களை மட்டும் மெல்ல அசைத்து மிதந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு அம்மாள் நீந்தத் தெரியாதவர். படகோட்டி நீட்டிய மிதவை வளையத்தைப் பற்றிக்கொண்டு, அவர் இழுத்த இழுப்புக்குப் போய், எல்லாவற்றையும் நிம்மதியாகப் பார்த்தார்.

தாமிரவருணி வீரர் என்ன செய்தார்? ஆற்றில் நீந்துகிறவன் தலையை வெளியே நீட்டித்தான் நீந்துகிறான். இளைத்தால் கால் ஊன்றுகிறான். அவருக்குத் தெரிந்த நீச்சல் அவ்வளவே. குழாய்க்குள் ஒரு சிற்றலை புகுந்தது. உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. மிதவைச் சட்டை அவரை நிமிர்த்தியது. நாற்பது ஆண்டுப் பழக்கம் காலைக் கீழே அனுப்பியது. இடுப்பளவே ஆழமான இடம்; ரப்பர்ச் செருப்புக்கு அடியில் ஏதோ உலர்ந்த சுள்ளியைப் போல முறிந்தது. பதறி மற்றொரு காலையும் வைத்தார். மறுபடியும் முறிந்தது.

படகோட்டி வந்து தோளைப் பிடித்து மல்லாத்தினார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறிந்த கிளை ஒரு சாண் நீளம் இருக்கும், முனையில் இளநீலம். பவளம் என்பது கல் அல்ல. கடுகளவான பிராணிகள் கூடித் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வீடு. மான்கொம்புப் பவளம் நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவில் வளரும்; பாறை உருண்டையாக இருக்கும் இனம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். இரண்டு வருஷத்து உழைப்பை எங்களில் ஒருவர் இரண்டு விநாடியில் முடித்துவிட்டார். அன்று தீவைச் சுற்றி நூறு பேராவது இறங்கியிருந்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தபொழுது அவர்களில் எத்தனையோ பேர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். நின்று கண்ணாடியைத் துடைத்தார்கள். நின்று படம் எடுத்தார்கள். நின்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டார்கள். எதன்மேல் நின்றார்கள்?

படகுக்குத் திரும்பியதும் அவரிடம் கேட்டோம். யுத்த காலத்தில் இஷ்டப்படி கடலுக்குப் போக முடியாமல் இருந்ததையும், 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் படகு போனதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். 1998-இல் கடல் சூடேறி இலங்கையின் மற்றக் கரைகளில் பவளம் வெளுத்து மடிந்தது. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. 2009-இல் யுத்தம் முடிந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். "சண்டைக்கும் சுனாமிக்கும் மிஞ்சினது ஐயா, இப்ப காலுக்குப் போகுது. முருகைக்கல் போனா மீன் போகும். மீன் போனா நீங்களும் வரமாட்டீங்க." பிறகு எஞ்சினைத் துடைக்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கமும் யோக்கியம் அல்ல. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளில் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். 2001-இல்தான் பவளம் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குள் வந்தது. கடல் சூடேறுவதோ இன்னும் பெரிய விபத்து. 2024-இல் உலகெங்கும் நான்காம் முறையாகப் பவளம் வெளுப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தச் சூட்டைப் படகில் இருக்கும் ஐந்து பேர் தணிக்க இயலாது. கால் அப்படி அல்ல, அது அவரவருடையது. நீந்தத் தெரியாதவர்கள் வளையத்தைப் பற்றிக்கொண்டால் ஒன்றும் முறிவதில்லை என்பதற்கு எங்கள் வீட்டு அம்மாளே சாட்சி. நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்து இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களே பவளத்துக்குச் சத்துரு.

முறிந்த துண்டை ஞாபகார்த்தமாக எடுத்துச் செல்லலாமா என்று எங்கள் சிநேகிதர் விசாரித்தார். தீவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று பதில் வந்தது. எங்கள் மகள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மீண்டும் நீரில் இறங்கினாள். பாறைகளின் இடுக்கில், அலை புரட்டாத இடமாகப் பார்த்துச் செருகிவிட்டு வந்தாள். சில சமயம் ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடும் என்று படகோட்டி அவளிடம் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது. எங்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

திரும்பும்பொழுது காற்று எழும்பிவிட்டது. கோணேசர் மலையைச் சுற்றுகையில் ஐந்து பேரும் தெப்பமாக நனைந்தோம். சரித்திர ஆசிரியர் இம்முறை எழுந்து நிற்கவில்லை.

ஊர் வந்த மறுவாரம், நகராட்சி நீச்சல் குளத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் நின்ற வரிசையின் கடைசியில் எங்களில் ஒருவர் போய் நின்றார். பயிற்சியாளர் அவரிடம் படித்த பழைய மாணவர். "கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வையுங்கள் சார், காலைத் தரையிலிருந்து எடுங்கள்" என்றார்.