கடைசித் தவணை எந்த மாதம்?

சம்பளம் வந்து ஐந்தாம் தேதி ஆவதற்குள் வீட்டுக் கடன் தவணை கணக்கிலிருந்து போய்விடும். மளிகை, பால், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் எல்லாம் மிச்சத்தில்தான். கடன் போட்டு வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பத்தில் மாதா மாதம் போகும் ஒற்றைத் தொகைகளில் பெரியது பெரும்பாலும் இதுதான். "மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டால் ரூபாய் சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள். "அதில் அசல் எவ்வளவு? கடைசித் தவணை எந்த மாதம்?" என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். பொதுத்துறை வங்கி ஒன்றில் வீட்டுக் கடன் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் குடும்பங்கள் இழக்கும் பணத்தைப் பார்த்துப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முதலில் சாதாரணக் கணக்கு ஒன்று. 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி. மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற இந்தப் பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 4,785 மட்டும். வருடங்கள் போகப் போக வட்டி குறைந்து அசல் ஏறும். 240 மாதமும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் கொடுத்த மொத்தம் 62 லட்சத்து 48 ஆயிரம். வாங்கியதைவிட அதிகமாக வட்டி கட்டியிருப்போம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாக்கி அசலுக்கு மாதா மாதம் வட்டி போடும் எந்தக் கடனும் இப்படித்தான் நடக்கும். ஆனால் ஆரம்ப வருடங்களில் அசல் எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சம்பளத்தில் எவ்வளவு பங்கு தவணைக்குப் போகலாம்? கைக்கு வருவதில் பாதி வரை எல்லாத் தவணைகளுக்கும் போகலாம் என்ற கணக்கில் கடன் கொடுக்கிற வங்கிகள் உண்டு. அது வங்கிக்குத் தாங்கும், குடும்பத்துக்குத் தாங்காது என்பது என் கருத்து. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள் என்று மேசைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலை போவதும் உடம்புக்கு வருவதும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும். பிறகு, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிவிடும் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வரும்.

தவணைக்கு முன்னாலேயே கையிருப்பைக் கரைக்கும் செலவு ஒன்று உண்டு. 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் மனையோ பழைய வீடோ கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயைக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். இதற்காக நகையை அடகு வைப்பவர்களும் சீட்டைத் தள்ளி எடுப்பவர்களும் நிறைய. தவணையோடு அந்த நகைக் கடன் வட்டியும் சீட்டுப் பணமும் சேர்ந்ததுதான் வீட்டுக்கான உண்மையான மாதச் செலவு. கட்டி முடியாத ஃபிளாட் என்றால் இன்னும் கஷ்டம். பில்டருக்கு வங்கி கொடுத்த பணத்துக்கு வட்டி ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டு வாடகை ஒரு பக்கம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி. அவர் மறைமலை நகரில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஊழியர், அந்தப் பெண் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வந்தது 60,000 ரூபாய். 2021-இல் 30 லட்சம் கடன் வாங்கினார்கள். அப்போது ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அதன்மேல் அவர்களுடைய வங்கி வைத்த கூடுதல் 2.75. ஆக 6.75 சதவீத வட்டி, 22,811 ரூபாய் தவணை. சம்பளத்தில் 38 சதவீதம். கொஞ்சம் இழுபறிதான், ஆனால் சமாளித்தார்கள்.

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5-க்குப் போய்விட்டது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டியில் தருகிற புது வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிவிட வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்பது விதி. அதனால் இவர்களுடைய வட்டியும் 9.25 ஆனது.

அந்தச் சமயத்தில் அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: "எல்லாருக்கும் வட்டி ஏறிடுச்சுன்னு சொல்றாங்கக்கா. எங்களுக்கு டியூ ஒரு ரூபா கூட ஏறலை."

"ஸ்டேட்மென்ட் இருந்தா எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

போனில் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் அதே 22,811. பக்கத்துப் பத்தியில் வட்டி ஏறிக்கொண்டே வந்து 22,300-ஐத் தாண்டியிருந்தது. அசல் என்ற பத்தியில் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. முதல் மாதம் அதே பத்தியில் 5,936 இருந்தது. பாக்கி ஏறக்குறைய 29 லட்சம். இதே வட்டியில் இதே தொகையைக் கட்டிக்கொண்டு போனால் கடன் தீர இன்னும் 42 வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த வீட்டுக்காரருக்கு அப்போது வயது 36. அவ்வளவு தூரம் நீட்ட வங்கியும் விடாது. ஏதாவது ஒரு கட்டத்தில் தவணையைத் தடாலென்று ஏற்றியிருக்கும்.

வட்டி ஏறினால் தவணையை அப்படியே வைத்து மாதங்களை நீட்டுவதை வங்கிகள் பலவும் வழக்கமாக வைத்திருந்தன. கேட்காமலே நீட்டியதுதான் தவறு. மாதங்களை நீட்டுவது எல்லாருக்கும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் குறைந்த வீட்டுக்கு அது மூச்சு விட இடம் தரும். முடிவை எடுப்பது கடன் வாங்கியவராக இருக்க வேண்டும், கணினியாக இருக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கென்றே உத்தரவு போட்டது. வட்டி திருத்தும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். தவணைப் பணம் வட்டிக்குக்கூடப் போதாத நிலைக்கு நீட்டக் கூடாது. இதுவரை வசூலான அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரியும்படி கொடுக்க வேண்டும். உங்களுக்கு வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அந்தத் தம்பதி, பழைய தேதியிலேயே கடன் முடிய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தவணை 27,300-க்கு வந்தது. சம்பளத்தில் 45 சதவீதம். போட்டுக்கொண்டிருந்த சீட்டை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். பள்ளியில் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்த கால்களோடு எட்டு மணி வரை பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். வட்டி இரண்டரை சதவீதம் ஏறியது என்று செய்தியில் ஒரு வரியாகப் படிக்கிறோம். ஒரு வீட்டில் அது எந்த உருவத்தில் வருகிறது என்பதை நான் அங்கே பார்த்தேன்.

2025-இல் காற்று திரும்பியது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை குறைத்து ரெப்போ 5.5-க்கு வந்தது. அவர்கள் வட்டி 8.25 ஆனது. இப்போது தவணையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். குறைத்தால் மாதம் சுமார் 1,650 ரூபாய் மிச்சம். குறைக்காமல் விட்டால் கடன் ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே முடிந்துவிடும். இரண்டு வருடத் தவணை என்றால் ஆறரை லட்சம். சம்பளமும் கொஞ்சம் உயர்ந்திருந்ததால் குறைக்க வேண்டாம் என்றார்கள். வட்டி குறையும்போது தவணையைக் குறைக்காமல் இருக்க முடிகிற குடும்பம் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. போனஸ் வந்தால் வருடம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், மேலே சொன்ன 8.5 சதவீதக் கணக்கில் 20 வருடம் 17-க்குள் வந்துவிடும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. கட்டும்போது, "காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கிறேன் என்பவர்கள் தாங்கள் எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பழைய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. இன்னொன்று: வங்கியில் இல்லாமல் வீட்டு வசதி நிறுவனங்களில் கடன் வாங்கியவர்களுக்கு ரெப்போ விதி பொருந்தாது. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்து வட்டி போடுகின்றன. ரெப்போ இறங்கியும் தங்கள் வட்டி இறங்காதவர்கள் நேரில் போய்க் கேட்க வேண்டும், சரிவராவிட்டால் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. கடன் வாங்கியபோது அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் அங்கேயே பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பதினைந்து வருடம் கழித்து மகள் வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.