நாய் சொறிவதன் காரணம் ரத்தத்தில் தெரியுமா?

ஓயாமல் பாதத்தை நக்கும் நாய், காதைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் நாய்! வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியோ, புல்லின் மகரந்தமோ, தெள்ளுப்பூச்சியின் எச்சிலோ அதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நாம் தும்முவோம், நாய் பெரும்பாலும் சொறியும். ஆனால் இரண்டு உடம்பிலும் வேலையைக் காட்டுவது ஒரே வகை ஆன்டிபாடி: ஐஜிஇ!

ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கும் தெரியுமா? மனித ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும். ஐஜிஇயோ நானோகிராம் கணக்கு! அதுவும் இரண்டே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் இதை அடையாளம் கண்டவர்கள் ஜப்பானியத் தம்பதியான கிமிஷிகே இஷிசாகாவும் டெருகோ இஷிசாகாவும். சோதனை ஊசியைத் தங்கள் தோலிலேயே போட்டுப் பார்த்தவர்கள்! சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிச்சும் தனி வழியில் இதே பொருளை எட்டினார்கள். 1968-ல்தான் ஐஜிஇ என்ற பெயரே வந்தது.

அந்த நானோகிராமை இன்று எலிசா என்ற பரிசோதனைக் கிட்டில் வரும் ஒரு பிளாஸ்டிக் தட்டு அளந்துவிடுகிறது! 8 வரிசை, 12 பத்தி, 96 குழிகள். ஐஜிஇயைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி குழியின் அடியில் ஒட்டியிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விட்டால் ஐஜிஇ மாட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கழுவிவிடுவார்கள். அடுத்து, நொதி கோத்த இன்னொரு ஆன்டிபாடி. அந்த நொதி பெரும்பாலும் எதிலிருந்து வந்தது தெரியுமா? ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்கிலிருந்து! நிறமில்லாத கரைசல் நீலமாகும், அமிலம் விட்டதும் சட்டென்று மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, ஐஜிஇயும் அவ்வளவு. 1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பேர்ல்மனும் காட்டிய வழி இது.

சுண்டெலிக்கு முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் வேண்டுமென்றே அலர்ஜி வரவழைத்து, அதற்கென்று எழும் ஐஜிஇயை மட்டும் அளக்கும் கிட்கூட உண்டு!

ஆனால் நாய் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்தே ஆகவேண்டும். குடற்புழு இருந்தாலும் ஐஜிஇ எகிறும். சொறியே இல்லாத நாயின் ரத்தத்திலும் தூசி உண்ணிக்கு எதிரான ஐஜிஇ இருக்கும்! அலர்ஜிதான் என்று முடிவு செய்வது கால்நடை மருத்துவரின் வேலை; எந்தப் பொருளைச் சிறிது சிறிதாக ஊசியில் கொடுத்துப் பழக்குவது என்று தேர்ந்தெடுக்கத்தான் ஐஜிஇ பரிசோதனை. உணவு அலர்ஜிக்கு இதை நம்பவே முடியாது. ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாயின் சாப்பாட்டை மாற்றுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

ஐஸ்லாந்துக் குதிரையின் கதை இன்னும் விசித்திரம்! குலிகாய்டஸ் என்ற கடிபூச்சியின் எச்சில், இதே ஐஜிஇ வழியாகக் குதிரைகளுக்குக் கடும் நமைச்சலைக் கொடுக்கும். பிடரியையும் வாலையும் தேய்த்துத் தேய்த்து மயிரெல்லாம் உதிர்ந்துவிடும். ஐஸ்லாந்தில் குதிரைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே பிறந்து வளர்ந்து ஐரோப்பாவுக்கு விற்கப்பட்ட குதிரைகளுக்குத்தான் நமைச்சல் மிக அதிகம்! அதே இனக் குட்டி ஐரோப்பாவிலேயே பிறந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

கோழிக்கு ஐஜிஇ கிட் உண்டா? தேவையே இல்லை! பறவைகளுக்கு ஐஜிஇ கிடையாது. அவற்றிடம் இருப்பது ஐஜிஒய். ஐஜிஇ பாலூட்டிகளின் சொத்து. முட்டையிடும் பிளாட்டிபஸும் பாலூட்டிதானே, அதனிடமும் இருக்கிறது!